மாளிகைக்கு மஞ்சள் கடுதாசி, மண்குடிசைக்கு?

மஞ்சள் கடுதாசி என்றால் என்னவென்று அறியாதவர் நம் நாட்டில் உண்டோ? கடைவீதியிலே கால் நூற்றாண்டு காலம் வணிகம் நடத்தியவன், கொடுக்கல் வாங்கலில் நொடித்துப்போய், "இனி என்னால் இயலாது" என்று நீதிமன்றத்திலே ஐ.பி. கொடுத்துவிட்டால், மறுநாளே ஊர் பேசும். திண்ணை பேசும், தேநீர்க் கடை பேசும், சம்பந்தி வீடு பேசும். பெண் கேட்டு வந்தவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டு போவார்கள். பெற்ற பிள்ளை பள்ளியிலே தலை குனிவான். இழந்த பொருளைக்கூட மீட்டுவிடலாம். இழந்த பெயரை மீட்பது எங்ஙனம்?

ஆனால் தோழர்களே, நூறு கோடி, ஆயிரம் கோடி என்று கடன் வாங்கிய நிறுவனம் நொடித்துப் போனால்? அதற்குப் பெயர் மஞ்சள் கடுதாசி அல்லவாம்! 'நொடிப்புத் தீர்வு நடவடிக்கை' என்பது அதன் பெயராம்! பட்டுக் குஞ்சம் கட்டிய பெயர்! அதற்கென்று 2016-ஆம் ஆண்டிலே டில்லியில் ஒரு சட்டம் செய்தார்கள். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் என்று ஒரு மன்றம், அதன் முன் வாதாட வழக்கறிஞர் படை, கணக்குப் பார்க்கத் தனித் தொழில்முறையாளர்கள்! மனு ஏற்கப்பட்ட நாள் முதல் அந்த நிறுவனத்தின் மீது எவரும் வழக்குப் போடலாகாது, போட்ட வழக்கும் நகரலாகாது, ஜப்தி கூடாது. 180 நாள் தவணை. போதாவிட்டால் மேலும் 90 நாள். வழக்காடும் காலமும் சேர்த்து 330 நாள் என்று வரம்பு. அதற்குள் கடன் கொடுத்த வங்கிகள் கூடி உட்கார்ந்து, எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எவரிடம் ஆலையை ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்யும். புதிய உரிமையாளர் பழைய பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் புது மாப்பிள்ளைபோல் உள்ளே நுழைவார்.

இதைத் தவறு என்று நாம் கூறவில்லை. நொடித்த தொழிலை மீட்க வழி வேண்டும். ஆலை பிழைத்தால்தான் தொழிலாளி பிழைப்பான். ஆனால் நாம் கேட்பது ஒன்று: நொடித்தவனுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது நீதி என்றால், அந்த நீதி புகைபோக்கி உயர்ந்த ஆலைக்கு மட்டும்தானா? புகை படிந்த அடுப்படிக்கு இல்லையா?

பெண்ணாடத்துக்கு வந்து பாருங்கள். விருத்தாசலத்துக்கு அருகே, வெள்ளாற்றங்கரையிலே உள்ள ஊர். ஒரு பக்கம் கரும்பு. மறு பக்கம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழில். சூளையிலே வெந்து வரும் பொம்மையும் மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்யும் கைகள், வார வட்டியிலே வெந்துகொண்டிருக்கும் கைகள். இந்த ஊரை ஒட்டி இறையூரிலே அம்பிகா சர்க்கரை ஆலை. அதன் உடன்பிறப்பு நிறுவனம் திரு ஆரூரான் சர்க்கரை ஆலை. கரும்பு வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டிய விவசாயிக்கு உரிய பணம் வரவில்லை. கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்தது. பிறகு ஆரூரான் நிறுவனம் நொடிப்புச் சட்டத்தின் வாயிலுக்குள் நுழைந்தது. புதிய கைக்கும் மாறியது.

விவசாயிக்கு வந்தது என்ன? வங்கி நோட்டீஸ்! ஆலை நிர்வாகம் தங்கள் பெயரிலே வங்கிகளில் கடன் பெற்றது, தங்களுக்கே தெரியாமல் தங்கள் தலையிலே கடன் ஏறியது என்பது விவசாயிகளின் முறையீடு. விற்ற கரும்புக்குக் காசு இல்லை. கண்ணாலே காணாத கடனுக்குக் கேட்புக் கடிதம்! அதனாலன்றோ 2022 நவம்பர் 30 அன்று தஞ்சை மாவட்டத்துத் திருமண்டங்குடியிலே ஆலை வாயிலில் உட்கார்ந்தார்கள்! நாள் கணக்கிலா? மாதக் கணக்கிலா? ஆண்டு புரண்டும் அந்தப் பந்தல் பிரியவில்லை.

சட்டம் விவசாயிக்கு ஒன்றுமே சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறது! 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன கூறுகிறது? கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். ஏட்டிலே இருக்கிறது, அழகாகவே இருக்கிறது! ஆனால் ஆலை நொடிப்புச் சட்டத்துக்குள் போனபிறகு, கரும்பு கொடுத்தவன் 'செயல்பாட்டுக் கடனாளர்' என்ற வரிசையிலே நிறுத்தப்படுகிறான். ஆலையின் தலைவிதியைத் தீர்மானிக்கும் குழுவிலே வங்கிக்கு வாக்கு உண்டு. வயலுக்கு வாக்கு இல்லை. பந்தியிலே முன்வரிசை பணம் கொடுத்தவருக்கு. பயிர் கொடுத்தவர் இலை எடுக்கும் நேரத்திலே வந்து நிற்க வேண்டும்!

ஆலைக்கு அடைக்கலம், ஆள்காரனுக்கு அமீனா. இதுதான் இன்றைய கணக்கு.

சரி, தனி மனிதன் நொடித்தால் சட்டம் என்ன செய்கிறது? நம் மாவட்டங்களிலே இன்றும் நடப்பது வெள்ளைக்காரன் 1920-ஆம் ஆண்டிலே செய்துவைத்த மாகாண நொடிப்புச் சட்டம்! சென்னை நகருக்கோ அதைவிடக் கிழடு. 1909-ஆம் ஆண்டுச் சட்டம். 500 ரூபாய்க் கடன் இருந்தால் மனுச் செய்யலாம் என்கிறது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். அந்நாளில் 500 ரூபாய் என்றால் ஒரு குடும்பத்தின் பெருஞ்சொத்து. இந்நாளில் அரைநாள் கொத்தனார் கூலி! வழக்கறிஞரைப் பிடித்து, கடன்காரர் பட்டியல் போட்டு, வாய்தா வாய்தாவாக நடந்து, விடுதலை ஆணை வாங்குவதற்குள் கடன் தீர்கிறதோ இல்லையோ, காலணி தீர்ந்துவிடும்.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஏழைக்கும் ஓர் அத்தியாயம் எழுதினார்கள். அதைச் சொன்னால் வியப்பீர்கள். 'புதிய தொடக்கம்' என்று பெயர்! ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாதவன், 20,000 ரூபாய்க்கு மேல் சொத்தில்லாதவன், சொந்த வீடு இல்லாதவன், 35,000 ரூபாய் வரையுள்ள தகுதியான கடனிலிருந்து விடுபட மனுச் செய்யலாம் என்பது அதன் சாரம். எழுதினார்கள், அச்சிட்டார்கள், குடியரசுத் தலைவர் ஒப்பமும் பெற்றார்கள். ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களா? இல்லை! நிறுவனங்களின் அத்தியாயம் 2016-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஈடு நின்றவர்கள் மீது பாய்வதற்கான பகுதியும் 2019 டிசம்பரிலே உயிர் பெற்றது. ஏழையின் 'புதிய தொடக்கம்' மட்டும் தொடங்கவே இல்லை!

அப்படியே தொடங்கினாலும் யாருக்குக் கிட்டும்? ஆண்டுக்கு 60,000 என்றால் மாதம் 5,000. நாளொன்றுக்கு 165 ரூபாய்கூட முழுசாக இல்லை. 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கென்று தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட கூலியே நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியிலே ஒருவன் ஆண்டில் 180 நாள் உழைத்தால் 60,480 ரூபாய். முடிந்தது! அவன் 'வசதி படைத்தவன்' ஆகிவிட்டான், கதவு சாத்தப்பட்டுவிட்டது! ஆண்டில் பாதிநாள் வேலை கிடைத்தவனையே வாசலில் நிறுத்தும் கதவு அது. சட்டம் செய்தவர்கள் ஏழையைப் பார்த்து அளவெடுத்தார்களா, அல்லது எவரும் நுழைந்துவிடலாகாது என்று அளவெடுத்தார்களா?

சட்டம் வரும் என்று காத்திராமல், கடன்பட்டவர் பக்கத்திலே போய் நின்ற ஒருவரை இங்கே நினைவூட்ட வேண்டும். பெயர் ஜெயா அருணாசலம். நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லர், காங்கிரசிலே பணியாற்றியவர். ஆயினும் நல்லது செய்தவரை நல்லவர் என்று கூற நமக்கு நா கூசாது. சென்னைக் குடிசைப் பகுதிகளிலே கட்சி வேலையும் நிவாரண வேலையும் பார்த்த அவர், ஓர் உண்மையைக் கண்டார். பூக்காரி, மீன்காரி, காய்கறிக் கூடைக்காரி, இட்லி சுட்டு விற்பவள் ஆகிய இவர்களுக்கு வேண்டியது ஒரு வேளைச் சோற்றுப் பொட்டலம் அன்று. நாளைக் காலைக் கொள்முதலுக்கு வேண்டிய முதல். அது அவர்களிடம் இல்லை. வட்டிக்காரனிடம் இருந்தது.

அந்த வட்டிக் கணக்கு நீங்கள் அறிந்ததுதான். காலையிலே கையில் 90 ரூபாய்; மாலையிலே திருப்பித் தர வேண்டியது 100 ரூபாய். பத்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆண்டிலே 300 நாள் கூடை தூக்கினால் வட்டி மட்டும் 3,000 ரூபாய்! எதற்கு? 90 ரூபாய் முதலுக்கு! அதே காலத்தில் வங்கிகளிலே, 1972-ஆம் ஆண்டு முதல், மிக வறியவர்க்கென்று 4 சதவீத வட்டியில் ஒரு கடன் திட்டம் இருந்தது. அந்தத் திட்டப்படி 90 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி எவ்வளவு தெரியுமா? 3 ரூபாய் 60 காசு! ஒரு தெருவிலே 3,000. அடுத்த தெருவிலே 3 ரூபாய் 60 காசு. இரண்டு தெருவுக்கும் நடுவிலே நின்ற சுவர் எது? படிவம் நிரப்பத் தெரியாத கை, உள்ளே வர விடாத காவலாள், "ஈடு என்ன?" என்ற கேள்வி, வியாபாரம் நடக்கும் நேரத்திலே மட்டும் திறந்திருக்கும் வங்கி.

அந்தச் சுவரை இடிக்கத்தான் 1978-ஆம் ஆண்டிலே ஜெயா அருணாசலம் கட்சி அரசியலை விட்டு வெளியே வந்து, உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. அவர்களுக்குள்ளே ஒருத்தி தலைவி. ஒருத்திக்கு மற்றவர் பொறுப்பு. ஈடு கேட்ட வங்கிக்கு அவர்கள் காட்டிய ஈடு ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கை! வங்கியின் தாமதமும் அலட்சியமும் தீராதது கண்டு, 1981-ஆம் ஆண்டிலே தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள். அதிராம்பட்டினத்து மீனவப் பெண்களிடம் போயிற்று அந்த இயக்கம். ஆந்திரத்து நரசாபுரத்திலே பின்னல் வேலை செய்யும் பெண்களிடம் போயிற்று. சாதி கடந்த திருமணங்களையும் அவர் ஆதரித்து நடத்தினார் என்பதை நம் தோழர்கள் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டிலே பத்மஸ்ரீ விருது வந்தது. 2019 ஜூனிலே அவர் மறைந்தார்.

அவர் கண்ட வழி என்ன? வட்டிக்காரனைத் திட்டித் தீர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. கடன்பட்டவள் தனியாக நிற்கும்வரைதான் வட்டிக்காரன் சிங்கம். பத்துப் பேராக நின்றால் அவனும் கடை நடத்தும் ஒருவன். இந்த உண்மையை அவர் கண்டார். நாற்பது ஆண்டுகள் அதையே செய்தார்.

ஆனால் காலம் ஒரு கொடுமையும் செய்தது. 'குழு' என்ற அந்த நல்ல ஆயுதத்தையே இலாபக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு மற்றவர் துணை என்றிருந்தது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் அவள் வீட்டு வாசலில் காவல் என்று மாறியது. ஒரே வீட்டிலே மூன்று நிறுவனம், நான்கு நிறுவனம். திங்களுக்கு ஒரு வசூல், புதனுக்கு ஒரு வசூல். ஒன்றைக் கட்ட மற்றொன்றில் வாங்குவது. ஆந்திரத்திலே 2010-ஆம் ஆண்டு இந்த நெருக்கடி வெடித்து, அந்த அரசு அவசரச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே, கந்துவட்டிக் கொடுமைக்கு மனு மேல் மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரு பச்சிளங் குழந்தைகளோடு, தீக்கு இரையாயிற்று. அதைப்பற்றி அலங்காரமாக எழுத நமக்கு மனம் இல்லை. மனுவைப் படிக்க ஒரு மனிதன் இல்லாமற் போனான் என்பது மட்டுமே நாம் கூறுவது.

சட்டமே இல்லையா அப்போது? இருந்தது! 2003-ஆம் ஆண்டிலேயே, அன்றைய அ.தி.மு.க. ஆட்சியிலே, அதிக வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சுட்டிய சட்டம் அது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2022-ஆம் ஆண்டிலே ரிசர்வ் வங்கி சிறு கடன்களுக்கு விதி வகுத்தது: ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடு கேளாமல் கடன் தர வேண்டும், எல்லாக் கடனுக்குமான தவணை சேர்ந்து அக்குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைத்துத் தொல்லை தரக் கூடாது. 2025-ஆம் ஆண்டிலே தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வாங்கியவரையும் குடும்பத்தாரையும் மிரட்டித் துன்புறுத்தி வசூலிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியது.

இன்னும் பழைய உரிமைகளும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. கைவினைஞனின் கருவிகளை எடுக்க முடியாது. உழவனின் கலப்பையையும், பிழைப்புக்கு வேண்டிய மாட்டையும் விதையையும் தொட முடியாது. 1980-ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கிலே தெளிவாகவே தீர்ப்பளித்தார்: கையில் இல்லாத காரணத்தால் கட்ட முடியாதவனைச் சிறையில் தள்ளலாகாது, இருந்தும் ஏமாற்றுகிறவன் வேறு, இல்லாமல் தவிக்கிறவன் வேறு.

இத்தனையும் ஏட்டிலே இருக்க, சூளைத் தொழிலாளி வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு வசூல்காரன் வருகிறானே, எப்படி? சட்டத்துக்கும் சூளைக்கும் நடுவே ஆள் இல்லை! புரோநோட்டிலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று தடுக்க ஆள் இல்லை. கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட ஆள் இல்லை.

இங்கிலாந்திலே அந்த நடு ஆள் இருக்கிறார். 2009-ஆம் ஆண்டு முதல் அங்கே ஏழைக் கடனாளிக்கென்று தனி ஆணை உண்டு. நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. ஓராண்டு காலம் கடன்காரர் தொல்லை நிறுத்தப்படும். நிலைமை சீராகாவிட்டால் அந்தக் கடன்கள் தள்ளுபடி ஆகும். தொடக்கத்திலே 15,000 பவுன் என்றிருந்த வரம்பு, 2024-ஆம் ஆண்டிலே 50,000 பவுன் ஆயிற்று. மனுக் கட்டணமும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. அந்த மனுவை எழுதித் தருபவர் யார்? இலாபம் நோக்காத அறநிலையங்களின் ஆலோசகர்கள்! 1993-ஆம் ஆண்டிலே மால்கம் ஹர்ல்ஸ்டன் என்பவர் தொடங்கிய கடன் ஆலோசனை நிலையம், ஸ்டெப்சேஞ்ச் என்ற பெயரில் இன்றும் அந்தப் பணியைச் செய்கிறது. நம்மை ஆண்டவன் நமக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை விட்டுப் போனான். தன் ஊரிலே அதைக் கடந்து நெடுந்தூரம் போய்விட்டான். நாம் அவன் கழற்றிப் போட்ட சட்டையையே அணிந்துகொண்டிருக்கிறோம்!

"கடனைத் தள்ளினால் கடன் கொடுக்கிறவன் எப்படிப் பிழைப்பான்? வாங்குகிறவன் ஒழுக்கம் கெடாதா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1936-ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் கடன் சமரசச் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசித் தீர்க்க வாரியங்கள் அமைக்க வழி செய்தது. 1938-ஆம் ஆண்டிலே இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடனில், முதலைப்போல் இருமடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்பட்டது. ஆச்சாரியாரோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. இந்தச் சட்டத்தின் மீது வழக்கில்லை. நாடு கவிழ்ந்துவிட்டதா? வணிகம் நின்றுவிட்டதா? இல்லையே! மேலும், ஒழுக்கம் பற்றிய கவலை ஆலை முதலாளி நொடித்தபோது எங்கே போயிற்று? அப்போது 'பொருளாதார மீட்சி'. குப்பன் நொடித்தால் 'ஒழுக்கக் கேடு'! நாக்கு ஒன்று, நியாயம் இரண்டா?

ஆகவே நாம் கேட்கிறோம். டில்லி அரசு, 2016-ஆம் ஆண்டிலே எழுதிய 'புதிய தொடக்கம்' அத்தியாயத்தை நடைமுறைக்குக் கொண்டுவரட்டும். அதன் வரம்புகளை இன்றைய கூலிக்கும் விலைக்கும் ஏற்ப உயர்த்தட்டும். ஆலை நொடிக்கும்போது, கரும்பு கொடுத்தவனின் பாக்கியை வங்கியின் பாக்கிக்குப் பின்னே தள்ளாமல் இருக்கச் சட்டம் திருந்தட்டும். விவசாயி அறியாமல் அவன் பெயரில் ஏற்றப்பட்டதாக முறையிடப்படும் கடன்களைத் தீர விசாரித்து, அவன் பெயரைத் துடைத்துக் கொடுக்கட்டும். மாநில அரசு, எந்தக் கட்சி ஆண்டாலும், 2003, 2025 ஆண்டுச் சட்டங்களைக் காவல் நிலைய மேசை வரைக்கும் கொண்டுவரட்டும்.

அரசிடம் கேட்பது ஒரு பாதி. மறு பாதி நம் கையிலே இருக்கிறது. நம் கிளைக் கழகம் ஒவ்வொன்றிலும் படிப்பகம் இருக்கிறது. மாலை நேரத்தில் நாளேடு படிக்கும் இளைஞர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், அந்தப் படிப்பகத்து மேசையிலே கடன் தாள்களை விரித்து வையுங்கள். கட்டிய தவணைக்கு இரசீது இருக்கிறதா என்று பாருங்கள். வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு, மனு எழுதி, நான்கு பேர் உடன் சென்று கொடுங்கள். வட்டச் சட்டப்பணிகள் குழு என்று ஒன்று உண்டு; பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். மக்கள் நீதிமன்றத்திலே பேசித் தீர்த்தால் அந்தத் தீர்வே முடிவு. மேல்முறையீடு என்று இழுத்தடிக்க முடியாது. இவற்றையெல்லாம் அறியாதவரை அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு பெண் 1978-ஆம் ஆண்டிலே பதவி நாற்காலி ஏதுமின்றிப் பூக்காரிகளோடு தொடங்கியதை, ஆயிரமாயிரம் கிளைகள் கொண்ட ஓர் இயக்கம் செய்ய இயலாதா? கொடிக்கம்பம் நட்ட கைகள் கணக்குப் புத்தகத்தைப் பிடிக்கத் தயங்குவானேன்? கடன் என்பது வெட்கம் என்று மறைத்து வைக்கப்படும்வரை, கதவுக்குப் பின்னே ஒரு குடும்பம் தனியே அழும். அது ஊரறிந்த வழக்காக, மேசைமேல் விரித்த கணக்காக மாறும்போது, அழுகை நின்று பேச்சு தொடங்கும்.

ஆலைக்கு 330 நாள் தவணை தந்த நாடு இது. அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டியவன், அந்தச் சூளையிலே மண் பிசைந்தவன் கேட்பதும் அதே தவணைதான். சலுகை கேட்கவில்லை அவன், சமநீதி கேட்கிறான். அதை அவன் தனியாகக் கேட்க விடலாமா, தோழர்களே?